ஏரிக்கரை அம்மன் இளைத்த செய்தி

அந்த வியாழக்கிழமை காலை ஏரிக்கரை அம்மன் கோயிலில் இருந்தவர்கள் இன்னின்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அயனம்பாக்கத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நின்றவர்கள், அம்மனின் பிறந்த வீட்டுத் தலைவர் உலகநாதன், அவர் மனைவி அங்கம்மா, மருமகள் வசந்தா, அம்மனின் புகுந்த வீட்டுத் தலைவர் திருவேங்கடம், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த எல்லம்மா. திரைக்கு உள்ளே பூசாரி அய்யாசாமி. வேறு ஒருவரும் இல்லை.

திரை விலகியது. அய்யாசாமி வெளியே வந்தார்.

கையில் காப்புக் கட்டிய நாள் முதல், ஊர்வலம் முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை, பூசாரி வாய் திறக்கக்கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். ஆகவே அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் இடுப்பை விட்டு எட்ட விரித்து, காற்றில் தொளதொளவென்று ஆட்டிக் காட்டினார்.

"லூசா கீதா?" என்றாள் வசந்தா.

பூசாரி தலையசைத்தார்.

"எவ்ளோ லூசு?"

முழங்கை வரை உள்ளே விட்டு எடுக்கலாம் என்று அய்யாசாமி அபிநயம் பிடித்தார்.

எல்லம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அய்யோ பாவம். அம்மன் எளைச்சுட்டா."

உலகநாதனின் முதுகு எப்போதும் நேராக இருக்கும். அப்போது இன்னும் நேராயிற்று.

அவர் குடும்பத்தின் பெருமை தெரியாதவர்களுக்கு இது சட்டை தொளதொளத்த சங்கதியாகத்தான் படும். உலகநாதனின் கொள்ளுத் தாத்தா ஏரிப் பாசனத்து நிலத்தில் ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் தட்டுப்பட்டவள் அம்மன். அதனால் அவள் அந்த வீட்டுப் பெண். அவளைக் கொண்டுபோய் வைத்தது திருவேங்கடத்தின் முன்னோர் கொடுத்த தோப்பில். அதனால் அது அவள் புகுந்த வீடு. தினப்படி பொங்கல் வைப்பது புகுந்த வீட்டின் பொறுப்பு. ஆடித் திருவிழாவுக்கு உடுப்பு எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு கொண்டுவருவது பிறந்த வீட்டின் உரிமை. அந்த உடுப்பை உடுத்திக்கொண்டுதான் அம்மன் ஊர்வலம் வருவாள். இது ஒரு வருடமும் தவறியதில்லை. ஏரி உடைந்த வருடம்கூட, உலகநாதனின் தகப்பனார் தாம்பாளத்தைத் தலையில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து கொடுத்தார்.

வழக்கமாகப் புடவைதான் கொடுப்பார்கள். போன ஆடியில் ஏரி முனைப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது அம்மனின் கொசுவம் நழுவிவிட்டது. அய்யாசாமி வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு வண்டியோடு ஓடியதை வசந்தா பார்த்தாள். அன்றைக்கே மாமனாரிடம் வந்து நின்றாள்.

"மாமா, அடுத்த வருசம் அம்மனுக்கு நான் தெச்சுத் தரட்டா? பொடவ, ரவிக்க எல்லாம் ஒண்ணா. கொசுவம் வெச்சுத் தெச்சுட்டா நழுவாது."

"அம்மனுக்கு ரெடிமேடா? நம்ம ஊட்டுப் பொண்ணு இன்னா பிளாட்பாரத்துல துணி எடுக்கறவளா?"

வசந்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். அவள் கை சுத்தமானது என்று சூப்பர்வைசரே சொல்லுவாராம். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அங்க நாள் பூரா வலது கை மட்டும்தான் தெக்கறேன் மாமா. இடது கைய வேற ஒர்த்தி தெக்கறா. காலர இன்னொர்த்தி. அந்தச் சட்டய யார் போட்டுக்கினு எந்த ஊர்ல நடக்கறாங்கன்னே தெரியாது. தெரிஞ்ச ஒர்த்திக்கு, முழுசா ஒரு உடுப்பு, நானே தெக்கணும்னு ஆசையா கீது. அம்மன் குடுத்த கைதான இது."

உலகநாதன் எழுந்து போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "ஜரிக நல்லதா போடு" என்றார்.

காப்புக் கட்டுவதற்கு முன்பே அய்யாசாமி திரைக்குள் போய், மஞ்சள் நூலில் முடிச்சுப் போட்டு அம்மனின் அளவை எடுத்துக் கொடுத்தார். அலங்காரம் இல்லாமல் அம்மனைப் பார்க்க பூசாரி வம்சத்தைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த நூலை வைத்து வசந்தா அரக்கு நிறத்தில் தைத்தாள். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த உடுப்புத்தான் இப்போது தொளதொளக்கிறது.

"இன்னா சம்பந்தி," என்றார் திருவேங்கடம். அம்மன் வழியில் இருவரும் சம்பந்திகள். "பெத்த ஊட்டுக்குப் பொண்ணோட அளவே தெரிலயே."

"அளவு சரியாத்தான் கீது. நாங்க அனுப்பும்போது பூரிப்பா இருந்த பொண்ணு. வருசம் பூரா சோறு போடறது யார் ஊடு? எளைச்சா யார கேக்கணும்?"

"எங்க பொங்கல்ல கொற சொல்லாத. நெய் ஊத்தறோம்."

"ஊத்தறீங்களா, காட்டறீங்களா?"

திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பேச்ச வுடு. எங்க ஊட்ல ஒரு பட்டுப் பொடவ எடுத்து வெச்சுக் கீறோம். ஞாயித்துக்கெழம காலைல வரைக்கும் பாப்பேன். உங்க சட்ட சேரலைன்னா, அம்மன் எங்க பட்டக் கட்டிக்கினு பொறப்படுவா."

ஒரு தடவை விட்டால் உரிமை போயிற்று. அடுத்த ஆடியில் யாருடைய தாம்பாளம் முன்னால் போகும் என்பது பேச்சுக்கு வரும். பேச்சுக்கு வருவதே அவமானம். உலகநாதன் உடுப்பை மடித்துத் தாம்பாளத்தில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

வசந்தா கம்பெனிக்கு லீவு போட்டாள். பக்கவாட்டுத் தையல்களைப் பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்தாள்.

அங்கம்மா வேறு வழியில் இறங்கினாள். "பொண்ணு வாடிக் கெடக்கா. நாம பாத்துக்கினு இருக்கறதா?" கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு என்று அண்டா அண்டாவாகக் கோயிலுக்குப் போயிற்று. அண்டாக்கள் திருவேங்கடம் வீட்டு வாசல் வழியாகப் போகவேண்டும் என்று உலகநாதன் சொல்லியிருந்தார். அது சுற்றுவழி.

வெள்ளிக்கிழமை காலை திரைக்கு வெளியே கூட்டம் சற்றுக் கூடியிருந்தது. அய்யாசாமி உடுப்போடு உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது அவர் நெற்றியில் வேர்வை. மூச்சை இழுத்துப் பிடித்து, கன்னத்தை உப்ப வைத்து, இரண்டு கைகளாலும் தன் இடுப்பை நெருக்கிக் காட்டினார்.

"டைட்டா?" வசந்தாவால் நம்ப முடியவில்லை. "நான் ரெண்டு வெரக்கடதான் புடிச்சேன்."

பூசாரி வருத்தத்தோடு தலையசைத்தார். கொக்கி மாட்டவில்லை என்பதையும் விரலால் காட்டினார்.

அங்கம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? எங்க கூழு. ஒரே நாள்ல தேறிட்டா."

"கூழா?" என்றார் திருவேங்கடம். "நேத்து எங்க ஊட்டுப் பொங்கல்ல நெய்ய ரெட்டிப்பா ஊத்தினோம். அதான் ஒடம்புல ஒட்டிகீது."

எல்லம்மா மட்டும் யோசனையாக நின்றாள். அவள் பிள்ளை பெற்றவள், பேறுகாலம் பார்த்தவள். "கூழு குடிச்சா ஒரே நாள்ல இடுப்பு பெருக்காது. இது வேற. ஆடி மாசம் வேற." குரலைத் தாழ்த்தினாள். "அம்மன் முழுகாம கீறா."

அதற்குமேல் அந்தச் செய்தியை யாரும் பிடித்து வைக்க முடியவில்லை. மதியத்துக்குள் அது திருவேற்காடு போய்விட்டது. சாயங்காலம் திருமழிசைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் பஸ் ஏறி வந்து, எந்த மாதம் என்று கேட்டார்கள்.

திருவேங்கடம் தெருவெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். "எங்க ஊட்டு வாரிசு" என்று சொல்லிக்கொண்டார். அதை உலகநாதனால் பொறுக்க முடியவில்லை.

"வாரிசு அவனோடதா இருக்கட்டும். வளகாப்பு யாரோடது? பொறந்த ஊடு போடறது. ஊர்ல யாரும் போடாத மாதிரி போடணும்."

"சட்டய மொதல்ல சரி பண்ணலாம் மாமா," என்றாள் வசந்தா.

"நீ சட்டயப் பாரு. நான் வளையலப் பாக்கறேன்."

அன்று சாயங்காலமே பச்சைக் கண்ணாடி வளையல் கூடை கூடையாக வந்து இறங்கியது. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலந்த சாதங்கள் வந்தன. வந்தவர்கள் எல்லாருக்கும் கை நிறைய வளையல். மிஞ்சியதைக் கோயில் மாட்டின் கொம்பில் மாட்டிவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று திருவேங்கடம் வீட்டாரே ஒப்புக்கொள்ளும்படி நடத்திக் காட்டினார் உலகநாதன்.

வீட்டில் வசந்தா, பிடித்த தையலை எல்லாம் பிரித்து, அதற்குமேல் இடுப்பில் ஒரு பட்டைத் துணியையும் ஜரிகைக்கு மறைவாக ஒட்டுப் போட்டுத் தைத்தாள். பாட்டுச் சத்தம் குறைவாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை காலை திரைக்கு முன்னால் நிற்க இடம் இல்லை. எல்லார் கையிலும் பச்சை வளையல். அய்யாசாமி உள்ளே போய், வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வசந்தாவைப் பார்க்கவில்லை. மெதுவாக இரண்டு கைகளையும் இடுப்பை விட்டு எட்ட விரித்து, தொளதொளவென்று ஆட்டினார்.



எல்லம்மாதான் கேட்டாள். "அப்ப கொழந்த எங்க?"

"வாய மூடு," என்றாள் அங்கம்மா.

"நான் இன்னா தப்பா கேட்டேன்? நேத்து பெருத்து இருந்தா, இன்னிக்கு எளைச்சு கீறா. நடுவுல இன்னா நடந்துதுன்னு ஊரு கேக்காதா?"

"ஊரு கேட்டா என்னாண்ட அனுப்பு," என்றார் உலகநாதன். அந்தக் குரலுக்குப் பிறகு ஊர் கேட்கவில்லை. ஆனால் திருவேங்கடம் கேட்டார்.

"சம்பந்தி, ஊரே நின்னு பாக்குது. உன் மருமவ தெக்கத் தெக்க அம்மன் வேற வேற அளவுல நிக்கறா. உன் சட்ட அம்மனுக்குப் புடிக்கல. அவ்ளோதான். பட்ட எடுத்துக்கினு வரட்டா?"

"ஞாயித்துக்கெழம காலைலன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"இன்னிக்கு சனிக்கெழம," என்று சொல்லிவிட்டு உலகநாதன் தாம்பாளத்தைத் தூக்கினார்.

வீட்டில் வசந்தா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியின்மேல் இருந்தது. மிதிக்கவில்லை. பாட்டும் இல்லை. உலகநாதன் வாசற்படியிலேயே நின்றார். அவருக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை.

"எங்க ஊட்டு மருமவ தோத்துட்டான்னு எவனாச்சும் சொன்னா, அவன நான் பாத்துக்கறேன்," என்றார்.

"தோக்கல மாமா." அவள் உடுப்பைத் தடவிக்கொண்டே பேசினாள். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கம்பெனி ஞாபகத்துல, ஒரு நூல்ல அளவ எடுத்து, இவ்ளோதான் நீன்னு அம்மனப் புடிச்சு வெக்கப் பாத்தேன். அவங்க எளைக்கறதும் பெருக்கறதும் அவங்க இஷ்டம். சட்டதான அவங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும்."

"சட்ட எப்டி மாறும்?"

"எலாஸ்டிக் வெச்சா மாறும்."

உலகநாதனின் மீசை துடித்தது. "எலாஸ்டிக்கா? சின்னப் பசங்க ஜட்டிக்கு வெக்கறதயா என் பொண்ணுக்கு வெக்கச் சொல்ற?"

"வெளிநாட்டுக்குப் போற கவுனுக்கெல்லாம் வெக்கறோம் மாமா. மேல ஜரிக சுருக்கு வெச்சுட்டா உள்ள கீறது ஒர்த்தருக்கும் தெரியாது. இடுப்புல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. எந்த அளவுல நின்னாலும் புடிச்சுக்கும். நான் தெச்சதுலயே இதுதான் நல்லா வரும் பாருங்க." சொல்லச் சொல்ல அவள் கால் தானாக மிதியை அழுத்தியது. வெறும் மிஷின் ஓடியது.

உலகநாதன் தன் சட்டையை மாட்டிக்கொண்டார். "நீ தையலப் பிரி. நான் போய் வாங்கியாறேன். வேற யாரும் போவ வேணாம்."

அம்பத்தூர் ஓ.டி.யில் தையல் சாமான் கடை முன்னால் அவர் சைக்கிளை நிறுத்தியபோது, கடையில் பெண்கள் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் போகும்வரை எதிர்ப்பக்கம் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் ஆவடிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய், தொண்டையைக் கனைத்து, "எலாஸ்டிக்" என்றார்.

"ஜட்டிக்கா பெரியவரே?"

"இல்ல. என் பொண்ணுக்கு. விசேச உடுப்பு."

"அகலமானதா வேணும் அப்ப. பொண்ணுக்கு எத்தினி வயசு?"

உலகநாதன் யோசித்தார். பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "வயசு சொல்றதுக்கு இல்ல."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சரி. இடுப்பு அளவு?"

"அது நாளைக்கு ஒண்ணா கீது."

"டாக்டராண்ட காட்டினீங்களா?"

"எங்க பொண்ணுக்கு ஒரு நோவும் இல்ல," என்றார் உலகநாதன். "ஊருக்கு நோவு வந்தா அவதான் பாக்கறா."

"நர்ஸா," என்று கடைக்காரர் மரியாதையோடு தலையாட்டி, உசத்தியான ரகத்தை எடுத்து அளந்து கொடுத்தார். உலகநாதன் அதைத் திருத்தவில்லை. வேட்டி மடிப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அன்று மாலை மிஷின் நிற்கவே இல்லை. பாட்டு வெளிப்படையாகவே கேட்டது. அங்கம்மாவும் வேலையோடு வேலையாகச் சேர்ந்து பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, திருவேங்கடம் பட்டுப்புடவைத் தாம்பாளத்தோடு வந்து நின்றார். உலகநாதன் மேளத்தோடு வந்து நின்றார். இரண்டு தாம்பாளமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அய்யாசாமி பிறந்த வீட்டுத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் வெளியே வந்தபோது வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆகவே, பூசாரி கைகளை விரிக்கவும் இல்லை, நெருக்கவும் இல்லை, தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார் என்பதை அங்கம்மா சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

திரை முழுதாக விலகியது. அரக்கு நிற உடுப்பில், ஜரிகைச் சுருக்குகள் சின்னச் சின்ன அலையாக இடுப்பைச் சுற்றி ஓட, ஏரிக்கரை அம்மன் நின்றாள். அப்படி ஒரு கோலத்தில் அவளை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. திருவேங்கடம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, தன் பட்டுப்புடவையைப் பிரித்து அம்மன் நிற்கும் வண்டிக்கு விதானமாகக் கட்டச் சொன்னார். "எங்க பட்டு தலைக்கு மேல கீது, பாத்துக்க," என்று உலகநாதனிடம் சொல்லவும் மறக்கவில்லை.

ஊர்வலம் ஏரி முனைப் பள்ளத்துக்கு வந்தது. வண்டி இறங்கி ஏறியது. ஊரே கொசுவத்தைத்தான் பார்த்தது. ஒரு மடிப்பும் நழுவவில்லை. ஆனால் வண்டி குலுங்கிய குலுக்கலில் அம்மனின் இடுப்பு மெல்லச் சுருங்கி, மெல்ல விரிந்தது.

"மூச்சு வுடறா," என்றாள் எல்லம்மா.

அவ்வளவுதான். பள்ளத்துக்குப் பள்ளம் கூட்டம் கூடியது. ஆவடியிலிருந்து வந்தார்கள், பூந்தமல்லியிலிருந்து வந்தார்கள். அம்மன் வியாழக்கிழமை இளைத்தாள், வெள்ளிக்கிழமை வளர்ந்தாள், சனிக்கிழமை இளைத்தாள், இன்றைக்கு மூச்சு விடுகிறாள் என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் கேட்டுக் கூட்டிச் சொன்னார். உலகநாதன் வண்டிக்கு முன்னால் தாம்பாளத்தோடு நடந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "எங்க ஊட்டுப் பொண்ணு. உயிரோட கீறவ வளருவா, எளைப்பா, மூச்சும் வுடுவா. அவளுக்கு அளவெடுத்தவ எங்க ஊட்டு மருமவ." அவள் இன்னார் என்று கையைக் காட்டவும் செய்தார். வசந்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தக் குடும்பத்தில் இதற்குமுன் எந்த மருமகளையும் எந்த மாமனாரும் ஊர் நடுவில் கைகாட்டிப் பேசியதில்லை.

சூரியன் ஏரிக்கு அந்தப்பக்கம் இறங்கும் நேரத்தில் வண்டி கோயில் வாசலுக்குத் திரும்பியது. கற்பூரம் காட்டி, அய்யாசாமியின் கையிலிருந்த காப்பை அவிழ்த்தார்கள். இனி அவர் பேசலாம். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. திரைக்கு உள்ளே இருந்து பார்த்தது அவர் ஒருவர்தான். திருவேங்கடம் மோர்ச் செம்பை நீட்டினார். உலகநாதன் விசிறியை எடுத்து வீசினார்.

"சொல்லு பூசாரி," என்றார் உலகநாதன். "உன் கண்ணால பாத்தத ஊருக்குச் சொல்லு. எங்க பொண்ணு எப்டி எளைச்சா, எப்டி வளந்தா?"

அய்யாசாமி மோரைக் குடித்தார். வாயைத் துடைத்தார். நெடுநாள் பேசாததால் குரல் கரகரத்தது.

"அம்மன் எளைக்கவும் இல்ல, வளரவும் இல்ல. சட்ட சேராம உங்க ஊட்டு மானம் போயிடப்போவுதேன்னு, இந்தப் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் தெச்சு எடுத்துக்கினு வரதுக்குள்ள, நான் உடுப்புக்கு உள்ள இடுப்புல கட்டற வைக்கோல கூட்டிக் கொறச்சுக்கினு கெடந்தேன்."